ஒரே காலத்தில் இருப்பது

மாதிரி ரயில் அமைப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1954இல் உற்பத்தி தொடங்கிய ஜிபி9 டீசல் இன்ஜினையும், 1972இல் வந்த எஸ்டி40-2 இன்ஜினையும் ஒரே சரக்கு ரயிலின் முன்னால் பூட்டினால் அது நிஜத்தோடு ஒத்துப்போகுமா? போகாது என்பவர்கள், ஓர் ஆண்டைக் குறித்துக்கொண்டு அந்த ஆண்டில் புதிதாக இருந்தவற்றை மட்டும் தண்டவாளத்தில் ஏற்றுகிறார்கள். விளையாட்டுச் சச்சரவுதான், ஆனாலும் அதற்கு அடியில் பழைய தத்துவக் கேள்வி ஒன்று கிடக்கிறது. இரண்டு பொருள்கள் ஒரே காலத்தில் இருக்கின்றன என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம்? கூடப் பிறந்ததை வைத்தா, கூடச் செயல்படுவதை வைத்தா? செயலை வைத்துத்தான் என்பேன்.

நிஜ ரயில்பாதை இதற்குச் சாட்சி. அங்கே இந்த இரண்டு இன்ஜின்களையும் 27 முள் கொண்ட ஒரே வகை மின்வடம் இணைத்தது. முன் இன்ஜினில் இருந்த ஓட்டுநர் ஒருவரே இரண்டையும் இயக்கினார். மாறாக, 1940களின் பால்ட்வின் இன்ஜின்கள் பலவற்றில் வேகக் கட்டுப்பாடு காற்றழுத்தத்தில் இயங்கியதால், அதே ஆண்டில் வேறு ஆலையில் பிறந்த இன்ஜினோடுகூட அவற்றை மாற்றமில்லாமல் சேர்த்து ஓட்ட முடியவில்லை. ஆக, ஒரே வயது என்பது துணையாகிவிடாது. வயது வேறுபாடு தடையும் ஆகாது. சிங்கப்பூரில் இதற்கு டீசல் இன்ஜின் தேட வேண்டியதில்லை. அங்கே டோபி காட் எம்ஆர்டி நிலையம் 1987 டிசம்பர் 12 அன்று திறந்தது. அந்த ஆண்டு ஓடத் தொடங்கிய கவாசாகி ரயில்களும், 2023 ஜூன் 4 முதல் ஓடும் அல்ஸ்டோம் ரயில்களும் வடக்கு தெற்குப் பாதையின் அதே நடைமேடைக்கு மாறி மாறி வந்தன. இடையே 36 ஆண்டு. ‘நவீன சிங்கப்பூர்’ என்று மாதிரி செய்து கவாசாகியை விட்டுவிடுபவர்தான் பொய் சொல்கிறார்.

செயலை வைத்துக் காலத்தை அளப்பது புதிதல்ல. இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான வைசேஷிகம் காலத்தை ஒன்றே, பகுபடாதது என்கிறது. முன், பின், உடன் என்ற பிரிவுகள் செயல்களால் நமக்குத் தோன்றுபவை. தொல்காப்பியரும் காலத்தைப் பெயருக்குத் தராமல் வினைக்கே தந்தார். அது இலக்கணம், தத்துவம் அல்ல என்று மறுக்கலாம். ஆனால் தமிழ் மனம் காலத்தை எங்கே தேடியது என்பதற்காவது அது தடயம். வலுவான மறுப்பு வேறு. 2024 செப்டம்பர் 25 அன்று கிழக்கு மேற்குப் பாதையில் முதல் தலைமுறைக் கவாசாகி ரயில் ஒன்றின் அச்சுப் பெட்டி கழன்று விழுந்து, தண்டவாளங்கள் உடைந்து, ஒரு பகுதியில் சேவை நாள்கணக்கில் நின்றது. பழையது நிகழ்காலத்துக்கு உரியதல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு இது எதிர்ப்பக்கம் பேசுகிறது. உடைந்த பாதையில் புதிய ரயிலும் போக முடியவில்லை. ஒன்றின் கேடு மற்றொன்றைத் தாக்கும் அளவுக்குப் பிணைந்திருந்தால் அவை சமகாலத்தவை. பழைய ரயிலை ஓய்வு பெறச் செய்வது சரியான முடிவாக இருக்கலாம். அதற்காக அது நேற்றே இறந்துபோனது என்றாகாது.

இந்த வாதத்துக்கு ஒரு விலை உண்டு. அருங்காட்சியகத்தில் துடைத்து நிறுத்திய இன்ஜின், நம் கண்முன் நின்றாலும் நம் காலத்தில் இல்லை என்று நான் சொல்லியாக வேண்டும். சொல்கிறேன். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து காவடிகள் டோபி காட் பக்கமாகப் போய்ச் சேரும் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. இன்றைய கட்டடம் 1983இல் கட்டியது. வழிபாடு நடப்பதால் இரண்டு ஆண்டுகளுமே அங்கே நிகழ்காலம். இதே அளவுகோலில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சோழர் காலச் செப்புத்திருமேனி கடந்த காலம். அதன் முன் யாராவது கைகூப்பினால்? அந்த நேரத்துக்கு அது திரும்பி வந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும், காப்பாளர் ஒப்பாவிட்டாலும்.