குவியலும் சுவரும்

இலையோ பூவோ பழமோ நீரோ, அன்போடு தந்தால் போதும் என்கிறது கீதை. அப்படியானால் மாசிக் கடைசி ஞாயிறு சமயபுரம் மாரியம்மனுக்குக் கூடை கூடையாகப் பூச்சொரிவது எதற்கு? பக்தியின் பேரில் நடக்கும் வீண் என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குவியல் ஒருவர் வாங்கிக் கொட்டியதல்ல. ஊர் ஊராக, தட்டுத் தட்டாக, அரளியும் செவ்வந்தியும் மரிக்கொழுந்துமாக வந்து சேர்வது. யார் பூ எது என்று பிரிக்க முடியாது. அன்று முதல் 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி இருக்கிறாள் என்பது நம்பிக்கை. ஆக, கொடுப்பது ஒரு பக்கத்து வேலை மட்டுமல்ல.

கல்யாண மேடையின் பூச்சுவர் வேறு கணக்கு. ஜெர்பரா தண்டில் கம்பி சுற்றி, பச்சை நுரைக்கட்டியில் குத்தி நிறுத்துகிறார்கள். பூ வாடிவிடும், நுரை மட்காது. (அந்தச் சுவரை ஆசையாகப் பார்ப்பது பெரும்பாலும் கேமராதான்.) நிலக்கோட்டை, தோவாளைப் பூ விவசாயிக்கு இரண்டும் ஒரே காசுதானே? உண்மைதான், ஆனால் பிழைப்பு தருவதாலேயே ஒன்று காணிக்கை ஆகிவிடாது. பூப்பறிப்பதே உயிருக்குத் தீங்கு என்று பூசையில் பூவையே விலக்கிய சமணப் பிரிவினரின் வாதம் இன்னும் கடினம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது கூடையைச் சிறிதாக்கச் சொல்கிறதே தவிர, பலர் கைபட்ட குவியலையும் ஒருவர் பணத்தில் எழுந்த சுவரையும் ஒன்றாக்கிவிடுவதில்லை.