இறந்தவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா?

2008 நவம்பர் 26 நள்ளிரவு தாண்டிய நேரம். மும்பை கிர்காவ் கடற்கரைச் சாலையின் தடுப்பில் நின்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளேயிடம் இருந்தது ஒரு லத்தி மட்டுமே. மறிக்கப்பட்ட காரிலிருந்த பயங்கரவாதி அஜ்மல் கசாப்பின் ஏ.கே.47 குழலை அவர் கைகளால் பற்றிக்கொண்டார். குண்டுகள் உடலைத் துளைத்தபோதும் பிடியை விடவில்லை. அந்த இடைவெளியில் மற்ற காவலர்கள் கசாப்பை உயிரோடு மடக்கினார்கள். 2009இல் ஓம்ப்ளேக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. பிறகு சிலை எழுந்தது. 2021இல் புதிதாகக் கண்டறியப்பட்ட ஒரு சிலந்தி இனத்துக்குக்கூட அவர் பெயர் சூட்டப்பட்டது. இவற்றில் எதுவும் அவருக்குத் தெரியாது. அப்படியானால் இந்த மரியாதையெல்லாம் யாருக்கு?

இறந்தவனுக்கு இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை என்று வாதிட்டார் கிரேக்கச் சிந்தனையாளர் எபிக்யூரஸ். அதை ஏற்றால், ஆண்டுதோறும் அக்டோபர் 21இல் நடக்கும் காவலர் வீரவணக்க நாள் உயிரோடிருப்பவர்களின் ஆறுதலுக்கான சடங்காகச் சுருங்கிவிடும். ஆனால் நம் அறவுணர்வு இதை ஒப்புவதில்லை. சாகும் தறுவாயில் இருக்கும் நண்பனிடம் ‘உன் பிள்ளையைப் படிக்கவைக்கிறேன்’ என்று வாக்குக் கொடுத்தவன், அவன் போனபின் கைவிட்டால் அதை வஞ்சகம் என்கிறோம். ‘அவனுக்குத்தான் தெரியாதே’ என்ற சமாதானம் எடுபடாது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பதால் பட்ட கடன் தள்ளுபடியாவதில்லை. சம்பளத்துக்குச் செய்த வேலைதானே என்ற வாதமும் நிற்காது. சம்பளம் உழைப்புக்கு ஈடாகலாம்; உயிருக்கு ஈடாக எந்த அரசும் சம்பளம் நிர்ணயித்ததில்லை.

இதைவிட வலுவான மறுப்பு கீதையிலிருந்து வரும். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்வதே உயர்வு என்றால், அப்படிச் செய்தவனுக்கு விருதும் சிலையும் எதற்கு? இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலனைத் துறக்கும் உரிமை செய்தவனுடையது. பலனை அனுபவித்தவன் அவன் சார்பில் நன்றியைத் துறந்துவிட முடியாது. கைம்மாறு எதிர்பார்க்காத உதவியை மறப்பதுதான் பெரிய நன்றிக்கேடு.

கடன் உண்டு என்றால், அதை எப்படித் தீர்ப்பது? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகல் ஒரு வழி காட்டுகிறது. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவகத்தியின் பெயரோடு, கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் உண்டு. வீரனைப் புகழும் அடைமொழிகள் இல்லை; யார், என்ன செய்தார் என்பதே உண்டு. அந்தத் துல்லியம்தான் இன்றைய கடினமான கேள்விக்கும் விடை. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில் காவலர்கள் மீதே சிபிஐ கொலைக் குற்றம் சாட்டியது. அதன் பிறகும் காக்கிச் சட்டையை எப்படி வணங்குவது? வணங்க வேண்டியதில்லை. நினைவுகூர வேண்டியது சட்டையை அல்ல, செயலை. செயலைத் துல்லியமாகச் சொல்லும் நினைவு ஒருவரின் தியாகத்தை இன்னொருவரின் குற்றத்துக்குத் திரையாக்காது.

ஓம்ப்ளேயின் செயலையும் அப்படியே துல்லியமாகச் சொல்லிப் பார்ப்போம். அவரும் சகாக்களும் சட்டத்திடம் ஒப்படைத்தது உயிரோடிருந்த ஒரு குற்றவாளியை. அதனால்தான் விசாரணை நடந்தது. கசாப்புக்கும் வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்யும்வரை சாட்சியங்கள் பகிரங்கமாகச் சோதிக்கப்பட்டன. ஆகவே நவம்பரில் அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, விசாரணையே இல்லாத என்கவுன்டருக்குக் கைதட்டுகிறவர்கள் அவரிடம் பட்ட கடனைத் தீர்க்கவில்லை. அவர் உயிர் கொடுத்ததால் நடக்க முடிந்த அந்த நீதிமன்ற விசாரணை, நாம் வெறுக்கும் மனிதனுக்கும் கிடைக்க வேண்டும் என்று வாதாடுவதே அவருக்குச் செலுத்தும் சரியான தவணை.