அடிபணிதலும் அடிமைத்தனமும்

கடவுளின் சித்தத்துக்குத் தன்னை மனமுவந்து ஒப்புக்கொடுப்பவனே கிறிஸ்தவன் என்பது திருச்சபையின் பழைய போதனை. சமுதாய மாற்றத்தை வேண்டி நிற்போர் இப்போதனையை ஐயக்கண்ணோடு நோக்குவர். அவர்தம் ஐயம் காரணமற்றதன்று. 1807ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு வேதாகமம் அச்சாயிற்று. பிரித்தானியரின் மேற்கிந்தியத் தீவுகளில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளுக்கெனத் தெரிந்தெடுத்த பகுதிகளைக் கொண்ட நூல் அது. எகிப்தின் தளையினின்றும் இஸ்ரவேலர் மீண்ட வரலாறு அதில் இல்லை. வேலைக்காரர் தம் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டுமெனப் பவுல் எபேசியருக்கு எழுதிய பகுதியோ பத்திரமாக இருந்தது. கத்தரிக்கோலும் சில வேளைகளில் வேதம் போதிக்கும்!

ஆயினும், இத்தகைய மோசடிகளைச் சுட்டிக்காட்டியவுடன் வழக்கு முடிந்துவிட்டது என்று நாம் எழுந்து சென்றுவிட முடியாது. பவுல் தம்மைக் கிறிஸ்துவின் 'டூலொஸ்' என்று அறிமுகஞ் செய்கிறார். உரோமைப் பேரரசின் சந்தைகளிலே விலை கூறி விற்கப்பட்ட மனிதனைக் குறித்த கிரேக்கச் சொல் அது. நம்மிடையே நெடுங்காலம் வழங்கிவரும் தமிழ் வேதாகமம் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் அதனை 'ஊழியக்காரன்' என மென்மைப்படுத்திற்று. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், கிறிஸ்து எடுத்த ரூபத்தைக் கூறுமிடத்திலோ 'அடிமை' என்றே வைத்தது. பின்னைய சொல்லே உண்மைக்கு அண்மையது என்பது என் கருத்து. ஏனெனில், அதன் கடுமையில் ஒரு தருக்கம் உண்டு. ஒருவன் முழுவதும் ஓர் எசமானனுக்கு உரியவனாயின், வேறெந்த எசமானனும் அவனை முழுவதும் உரிமை கொண்டாட இயலாது. சீசரும் இதற்கு விலக்கல்லன்.

இத்தருக்கம் ஏட்டளவில் நின்றுவிடாது, ஒரு கமக்காரரின் வாழ்விலே நிகழ்ந்ததை நாம் அறிவோம். பிரான்ட்ஸ் யேகர்ஸ்டெற்றர் 1907இல் ஒஸ்திரியாவின் சென்ற் றாடெகுண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். மணவாழ்வுக்குப் புறம்பே பிறந்த பிள்ளை. இளமையில் இரும்புச் சுரங்கத்திலும் வேலை செய்தார். 1936இல் பிரான்சிஸ்காவை மணந்தார்; மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன. 1938 ஏப்ரலில், ஒஸ்திரியாவை ஜேர்மனி விழுங்கியதை அங்கீகரிக்கும் வாக்கெடுப்பு நடந்தபோது, அவ்வூரில் 'இல்லை' என்று வாக்களித்தவர் அவர் ஒருவரே. அறிவிக்கப்பட்ட முடிவிலே அந்த ஒரு வாக்குங் காணாமற் போயிற்று.

அவர் பிறவியிலேயே வீரர் என்று எண்ணிவிடலாகாது. 1940இல் படைக்கு அழைக்கப்பட்டபோது அவரும் சென்றார், பயிற்சியும் பெற்றார். ஊர் திரும்பிக் கோயிற் பணி செய்துகொண்டே வேதத்தையும் புனிதர் சரிதங்களையும் படித்து, நீண்டநாட் சிந்தித்த பின்னரே, ஹிட்லரின் போரில் ஆயுதமேந்துவது பாவம் என்ற முடிவுக்கு வந்தார். லின்ஸ் நகர மேற்றிராணியாரையும் சென்று கண்டார். குடும்பத்தை நினைக்க வேண்டும், அரசின் செயல்களுக்குச் சாதாரண குடிமகன் பொறுப்பாளி ஆகான் என்பதே அவருக்குக் கிடைத்த அறிவுரை. 1943 மார்ச்சில் மீண்டும் அழைப்பு வந்தபோது முகாமுக்குச் சென்று, போரிட மறுத்தார். காயம்பட்டோருக்குப் பணிசெய்ய உடன்படுவதாகக் கூறினார், ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 9ஆந் திகதி பிராண்டன்பூர்க் சிறையில் அவர் தலை துண்டிக்கப்பட்டது.

இங்கேதான் வினா கூர்மையடைகின்றது. மறுத்தவர் கடவுளுக்குப் பணிந்தார் என்கிறோம். மறுக்காதோர் யாருக்குப் பணிந்தனர்? 1934 முதல் ஜேர்மானியப் போர்வீரன் ஒவ்வொருவனும் ஹிட்லருக்கு நிபந்தனையற்ற கீழ்ப்படிவைக் கடவுளின் பெயராலேயே ஆணையிட்டு வந்தான். மேற்றிராணியாரும் கடவுளின் பெயராலேயே ஆலோசனை கூறினார். இம்மூவரில் எவர் காதில் விழுந்தது கடவுளின் குரல்? வானத்திலிருந்து விடை வரப்போவதில்லை. மனிதராகிய நாமே அளந்தறிய வேண்டியிருக்கிறது. நான் கையாளும் அளவுகோல் எளியது. ஒருவனது பணிவின் விலையை யார் கொடுக்கிறார்கள்? மேற்கிந்தியத் தீவுகளில் பணிவைப் போதித்தோர் அதன் விலையைப் பிறர் முதுகிலே வசூலித்தனர். ஹிட்லரின் பெயரால் ஆணையிட்ட வீரர் எத்தனையோ பேர் அதனைப் போலந்திலும் உருசியாவிலுமிருந்த ஊர்களிடம் வசூலித்தனர். யேகர்ஸ்டெற்றர் தம் கழுத்தையே கொடுத்தார்.

இவ்வளவுகோலை எழுதிய கையோடு அதில் ஒரு விரிசலையும் காண்கிறேன். விலை முழுவதையும் அவரே கொடுத்தார் என்பது உண்மையா? 1943 யூலையில் பிரான்சிஸ்கா பங்குக்குருவோடு பேர்லினுக்குச் சென்று, சிறையிலே கணவரைச் சிறிது நேரங் கண்டார். குரு அவரது மனத்தை மாற்ற முயன்றார்; முடியவில்லை. தொடக்கத்தில் தாமும் தடுக்க முயன்ற பிரான்சிஸ்கா, ஊரும் உறவும் எதிர்த்து நின்ற வேளையில், கணவர் பக்கமே நின்றார். அவருடைய பணிவு எத்தகையது? எந்த மேடையிலும் எந்த நீதிமன்றிலும் அவர் எதனையும் மறுக்க நேரவில்லை. மூன்று சிறுமிகளோடும் ஒரு பண்ணையோடும் மீதி வாழ்நாளை நடத்த வேண்டியிருந்தது. புனிதர் சரிதம் எழுதுவோர் இப்பகுதியை விரைந்து கடந்து செல்வதுண்டு.

போர் முடிந்தது, ஹிட்லர் ஆட்சி ஒழிந்தது, ஒஸ்திரியா மீண்டும் தன் பெயரைப் பெற்றது. போரிற் கணவரை இழந்த பெண்களுக்கு உதவிப் பணம் வழங்கப்பட்டது. போரிட மறுத்ததனால் கணவரை இழந்த பிரான்சிஸ்காவுக்கு அது 1950 வரை கிடைக்கவில்லை. பேர்லின் நீதிமன்றமொன்று 1997இல் மரண தண்டனைத் தீர்ப்பை இரத்துச் செய்தது. 2007 ஒக்டோபர் 26இல் லின்ஸ் பேராலயத்தில் திருச்சபை அவர் கணவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. தொண்ணூற்று நான்கு வயதான பிரான்சிஸ்காவும் அவ்வழிபாட்டில் அமர்ந்திருந்தார்.