துணையாசிரியரின் தகுதி எது?

ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் பாடம் நடத்தும்போது, பின்தங்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தின் வளைவைக் காட்டித்தருபவர், அழும் குழந்தையைத் தேற்றுபவர், சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்குக் கை கொடுப்பவர் ஆகியோர் துணையாசிரியர்கள். பெங்களூரில் இவர்களுக்குப் பல பெயர்கள் உண்டு. அங்கன்வாடியில் சகாயகி, மழலையர் பள்ளியில் அசிஸ்டென்ட் டீச்சர், சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தைக்கென்றே அமர்த்தப்படுபவர் ஷேடோ டீச்சர். இந்த வேலைக்கு ஒருவரைத் தகுதியாக்குவது பிறப்பா, படிப்பா, குணமா, சான்றிதழா என்பது இந்திய அறநூல்கள் நெடுங்காலம் விவாதித்த கேள்வியின் இன்றைய வடிவம்.

பழைய விடைகளுள் ஒன்று பிறப்பைச் சார்ந்தது. வேதம் கற்கவும் கற்பிக்கவும் யாருக்கு உரிமை என்பதை வருணத்தைக் கொண்டு வைதிக நூல்கள் வரையறுத்தன. கற்பிப்பவர்களுக்குள்ளும் மனுஸ்மிருதி படிநிலை வகுத்தது. வேதம் முழுவதையும் கற்பிப்பவர் ஆசாரியர்; அதில் ஒரு பகுதியை மட்டும் பிழைப்புக்காகக் கற்பிப்பவர் உபாத்தியாயர். முன்னவர் பின்னவரைவிடப் பத்து மடங்கு மேலானவர் என்கிறது அந்நூல். பகுதி வேலை செய்பவர், கூலிக்குச் செய்பவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் இன்றைய பள்ளிகளிலும் மறையவில்லை.

அதே வைதிக மரபுக்குள்ளிருந்தே மறுப்பும் எழுந்தது. சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமன் கௌதமரிடம் மாணவனாகச் சேரப் போகிறான். குலம் என்ன என்று குரு கேட்க, தன் குலம் எதுவென்று தாய் சபாலைக்கே தெரியவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறான். அந்த உண்மையையே தகுதியாகக் கொண்டு குரு அவனை ஏற்கிறார். உடனே பாடம் தொடங்கவில்லை. மெலிந்த நானூறு பசுக்களை ஒப்படைக்கிறார். அவை ஆயிரமாகும்வரை பேணிய பிறகே சத்தியகாமன் திரும்புகிறான். நேர்மை வாசலைத் திறந்தது. எளிய உயிர்களைப் பொறுமையோடு பராமரித்தது அவனை அறிவுக்குப் பக்குவப்படுத்தியது.

தமிழில் இக்கேள்வியை முறையாக எடுத்துக்கொண்ட நூல்களுள் நன்னூல் முக்கியமானது. 13ஆம் நூற்றாண்டில் சமண முனிவர் பவணந்தி இதை இயற்றினார். எழுதச் செய்தவன் சீயகங்கன். பெங்களூருக்குக் கிழக்கேயுள்ள கோலாரை முற்காலத்தில் தலைநகராகக் கொண்ட கங்கர் மரபினன். ஆசிரியரின் இலக்கணத்தில் குலத்தை முதலில் வைக்கும் நன்னூல், அடுத்து வைப்பது அருளை. கல்வித் தெளிவும் சொல்வன்மையும் அதன் பின்னரே வருகின்றன. மாணவன் ஆசிரியரிடமிருந்து பெறுவது புலமையில் கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது கால் பங்கு. பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கு நிறைகிறது என்றும் அது கணக்கிடுகிறது. இந்தக் கணக்கின்படி, கற்று முடித்த பிறகே கற்பிக்க வேண்டும் என்பதில்லை. துணை நின்று சொல்லிக்கொடுப்பதும் கற்றலின் பகுதியே.

திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறை இதே எண்ணத்தின் நடைமுறை. மூத்த மாணவன் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் ஏற்று நடத்தினார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். பெரியவர்களான உதவியாளர்கள் ஒத்துழைக்காததால், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் வேலையை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797இல் பெல் வெளியிட்ட நூல்வழி அது ‘மெட்ராஸ் முறை’ என இங்கிலாந்தில் பரவியது. வயதும் பதவியும் தராத தகுதியை விருப்பமும் உழைப்பும் தந்தன.

அப்படியானால் இன்று சான்றிதழ் எதற்கு? சிறு குழந்தையால் தன்னைப் பார்த்துக்கொள்பவரைச் சோதிக்க முடியாது. பெற்றோரால் நாள் முழுதும் உடனிருக்க முடியாது. எனவே இருவருக்காகவும் சமூகம் முன்கூட்டியே சோதிக்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோரின் ஆசிரியர்களுக்குத் தகுதி விதித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, உள்ளடக்கிய கல்விக்குத் துணைநிற்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி தரச் சொல்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்தோரின் கல்விக்காக, பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பையும், அதைவிடக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் 2020இன் தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைத்தது. இவ்விதிகளின் அறம் குழந்தையின் பாதுகாப்பு. ஆட்களை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அன்று.

ஆனால் சான்றிதழ் போதுமானதன்று. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ தமிழோ தெலுங்கோ உருதோ மட்டும் அறிந்து வரும் மூன்று வயதுக் குழந்தைக்கு, அதன் வீட்டு மொழியில் ஒரு சொல் பேசத் தெரிந்தவரே முதல் ஆசிரியர். அந்தத் திறனை எந்தப் பட்டயமும் அளந்து காட்டுவதில்லை. மேலும், எல்லா வகையிலும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் வேலையில் இறங்கியபின் மாறிவிடுவதுண்டு என்று ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். ஆகவே தகுதி ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் உடைமையன்று. குழந்தையின் முன் நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டிய கடமை.

தகுதியைக் கேட்பவருக்கும் கடமை உண்டு. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் பெறுவது மதிப்பூதியம். அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என்று கர்நாடக வழக்கொன்றில் 2006இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குஜராத் வழக்கில் 2022இல் அவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் ஏற்றது. அருளையும் பயிற்சியையும் பொறுமையையும் ஒருவரிடம் எதிர்பார்த்துவிட்டு, ஊதியம் தரும்போது மட்டும் அவரை வெறும் கையாள் என்பது அறமாகாது. துணையாசிரியருக்கு வேண்டிய தகுதியை உயர்த்தும் சமூகம் அவருடைய ஊதியத்தையும் மதிப்பையும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டும்.