கேளாதவரின் கடன்

வருவாய் ஒன்று, கடன்கள் பல. மாதம் பிறந்ததும் கைக்கு வரும் தொகையை யாருக்கு முதலில் கொடுப்பது? இவ்வினா நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மாதந்தோறும் எழுகின்றது. மேலோட்டமாக நோக்கினால் இது கணக்கைப் பற்றிய வினா. ஆழ்ந்து நோக்கினால் நேர்மையைப் பற்றிய வினா. எல்லாருக்கும் கொடுக்க இயலாத நிலையில் யாரைத் தேர்ந்து கொடுக்கிறோம் என்பதிலன்றோ நம் உள்ளம் வெளிப்படுகின்றது!

பெரும்பாலும் நாம் உரக்கக் கேட்பவருக்கே முதலில் கொடுக்கின்றோம். வாசலில் வந்து நின்று நாலு பேர் காதுபடப் பேசுபவருக்கும், கைப்பேசியில் ஓயாது அழைப்பவருக்கும் அஞ்சிப் பணத்தை எண்ணி வைக்கின்றோம். கண்ணியம் கருதி வாய் திறவாதிருப்பவரோ காத்திருக்கின்றார். நாள் செல்லச் செல்ல, அவர் கேட்கவில்லை என்பதையே அவருக்குத் தேவையில்லை என்பதற்குச் சான்றாக்கி விடுகின்றோம். அவருடைய நற்பண்பே அவருக்கு இழப்பாக முடிகின்றது. இது நீதியாகுமா?

அரபு மொழியில் கடனுக்கு 'தைன்' என்று பெயர். மார்க்கத்திற்கு 'தீன்' என்று பெயர். இரண்டும் ஒரே வேரெழுத்துக்களிலிருந்து பிறந்த சொற்கள். நம் தமிழிலும் வாங்கிய பொருளுக்குக் 'கடன்' என்கிறோம். செய்தே தீர வேண்டிய அறத்திற்கும் 'கடன்' என்றே சொல்கிறோம். கொடுத்தவர் கேட்டாலும் கேளாவிட்டாலும் கடன் கடனே என்பதை இரு மொழிகளும் நமக்கு நினைவூட்டுகின்றன.

இதனை நாம் ஏட்டில் மட்டும் கற்றோமில்லை, வாழ்விலும் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்னையார் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தார்கள். நாமோ மதரஸாவில் ஓதிக் கொடுத்துப் பிழைப்பவர். மாத வருவாய் 17,000 ரூபாய். அன்னையார் நலம் பெற்று வீடு திரும்பியபோது நம்மைச் சுற்றிக் கடன்கள் நின்றன. ஒன்றுவிட்ட தமையனார் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கியது 30,000. மளிகைக் கடையில் ஏறியது 9,000. இவற்றோடு, சொல்ல நாணுகின்றோம், நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் வேறு வழி தோன்றாமல் ஐந்து வட்டிக்கு வாங்கிய 20,000. வட்டி ஹராம் என்று பிள்ளைகளுக்குப் போதித்த அதே நாவால் அன்று அந்தப் பணத்திற்குச் சம்மதம் சொன்னோம்.

ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் காகிதமும் பேனாவும் எடுத்துக் கடன்களை வரிசையாக எழுதினோம். நம் துணைவியார் அருகில் வந்து பார்த்தார். சற்று நேரம் பேசாதிருந்து, "என் சங்கிலியை இதில் காணோமே?" என்று மெல்லக் கேட்டார்.

நாம் திகைத்துப் போனோம். மருத்துவச் செலவிற்காக அவருடைய மூன்று பவுன் சங்கிலியை வாங்கி விற்றிருந்தோம். அதைக் கடன் என்று நம் உள்ளம் எண்ணவேயில்லை! மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது, அவர் மனமுவந்து விட்டுத் தந்தாலன்றிக் கணவனுக்கு அதில் உரிமை இல்லை என்று எத்தனை பேருக்கு ஓதிக் கொடுத்திருப்போம்! மற்றவர் கடனெல்லாம் நினைவில் நிற்க, நம்முடன் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவருடைய கடன் மட்டும் மறந்து போயிற்று. காரணம் ஒன்றே: அவர் கேட்கவில்லை.

அன்றிரவு நாம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை மீண்டும் எடுத்து ஓதினோம். தவணை குறித்த கடனை எழுதி வைக்கும்படியும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வு கொள்ளலாகாது என்றும் கட்டளையிடும் வசனம் அது. அதில் ஒரு நுட்பம் உண்டு. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கொடுத்தவர் அல்லர், கடன்பட்டவரே! பட்டவன் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் கேட்டு நாணும் நிலை வரலாகாது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடனை விட்டும் இறைவனிடம் பாதுகாவல் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகின்றீர்கள் என ஒருவர் வினவியபோது, கடன்பட்டவன் பேசும்போது பொய்யுரைக்கின்றான், வாக்களித்து மாறு செய்கின்றான் என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள். கடன் முதலில் அரிப்பது பணப்பையை அன்று, நாவை. ஆகவே கடனைத் தீர்க்கும் வேலையும் நாவிலிருந்தே தொடங்க வேண்டும்.

மறுநாள் நாம் தமையனாரைத் தேடிச் சென்றோம். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்திலிருந்து கொடுத்தவர் அவர். "காக்கா, உங்கள் பணம் மறக்கவில்லை. முழுவதும் கொடுக்க நாளாகும். மாதம் ஐந்நூறு தருகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றோம். "நான் கேட்டேனா தம்பி?" என்றார். ஆயினும் அவர் முகம் மலர்ந்ததைக் கண்டோம். ஓராண்டாக நம் வீட்டிற்கு வராதிருந்தவர் அந்த வெள்ளிக்கிழமையே வந்து தேநீர் அருந்தினார். வந்தால் கடனைக் கேட்க வந்ததாக நாம் எண்ணுவோமோ என்று அஞ்சியே அவர் ஒதுங்கியிருந்திருக்கின்றார்! நம் மௌனம் அவருடைய பணத்தை மட்டுமன்று, நம் வீட்டு வாசலையும் அவருக்கு அடைத்திருந்தது.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஐந்து வட்டியில் 20,000க்கு மாதம் 1,000 வட்டி. இருபது மாதம் வட்டி மட்டும் கட்டினால் 20,000 போய்விடும். முதல் அப்படியே நிற்கும். பாவம் என்ற வகையிலும் நட்டம் என்ற வகையிலும் அதை முதலில் அறுப்பதே அறிவுடைமை. வீட்டுச் செலவை 13,000க்குள் அடக்கி, மிஞ்சிய 4,000இல் 3,000ஐ அதற்கென ஒதுக்கினோம். வட்டி போக எஞ்சியது முதலில் கழிய, மாதந்தோறும் வட்டி குறைந்தது. ஒன்பதாம் மாதம் அக்கடன் ஒழிந்தது. மீதி ஆயிரத்தைத் தமையனாருக்கும் மளிகைக் கடைப் பெரியவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்து வந்தோம்.

அப்படியாயின் உரக்கக் கேட்பவருக்குத்தானே பெரும்பங்கு சென்றது என்று வாசகர் கேட்கலாம். ஆம், சென்றது. ஆனால் மற்ற மூவரிடமும் சொல்லி, அவர்கள் இணங்கிய பின்னரே சென்றது. "முதலில் வட்டியை ஒழியுங்கள், என் சங்கிலி காத்திருக்கும்" என்று துணைவியாரே கூறினார். சம்மதித்துக் காத்திருப்பது வேறு. மறக்கப்பட்டுக் காத்திருப்பது வேறு. முன்னது அவர் நமக்குச் செய்யும் உபகாரம். பின்னது நாம் அவருக்குச் செய்யும் அநீதி.

அந்நாட்களில் உறவில் ஒரு திருமணம் வந்தது. சீராகப் பெருந்தொகை வைக்க வேண்டும் என்றனர் சிலர். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில், தன் பொறுப்பில் உள்ளோரின் செலவிற்கோ, தீர்க்க வேறு வழி காணாத கடனுக்கோ தேவைப்படும் பொருளைத் தருமம் செய்வதும் கூடாது என்பதையே சரியான கருத்தாகக் குறிக்கின்றார்கள். தருமத்திற்கே இந்நிலை என்றால் பெருமைக்குச் செய்யும் செலவை என்னென்பது! கடனாளி வைக்கும் விருந்து, அடுத்தவர் சஹனிலிருந்து அள்ளிப் பரிமாறும் சோறு. நாம் திருமணத்திற்குச் சென்றோம்; துஆச் செய்தோம்; வெறுங்கையோடு திரும்பினோம். அன்று நம் காதில் விழுந்த சொற்கள் சில நாள் வலித்தன. ஆனால் மறுவாரம் கடைப் பெரியவரின் முன் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

கொடுத்தவர்களுக்கும் ஒரு சொல். கடன்பட்டவர் உண்மையாகவே நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறும், விட்டுக்கொடுத்தல் அதனினும் நன்று என்றும் திருமறை கூறுகின்றது. ஆயினும் அந்தச் சலுகை கொடுத்தவர் வழங்க வேண்டியது. பட்டவர் தாமே எடுத்துக்கொள்வதன்று. கொடுத்தவர் மறைந்து, அவர் பிள்ளைகளுக்குச் செய்தியே தெரியாதிருப்பினும், தேடிச் சென்று சொல்ல வேண்டியவர் பட்டவரே.

இன்று நம் வீட்டில் மற்றக் கடன்கள் தீர்ந்துவிட்டன. சங்கிலி மட்டும் எஞ்சியுள்ளது. வாங்கியது பொன், திருப்பித் தர வேண்டியதும் பொன்னே. அன்று விற்ற விலையைக் கொடுத்துக் கணக்கை முடிக்க நமக்கு மனம் வரவில்லை. மூன்று பவுனில் ஒரு பவுன் திரும்பியிருக்கின்றது, இரண்டு பாக்கி. அதை எழுதிய காகிதம் அலமாரியில், துணைவியாரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றது. அவர் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. நாம் மாதந்தோறும் எடுத்துப் பார்க்கின்றோம்.

கேளாதவரின் உரிமையை மறவாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.