சாக்கும் நியாயமும்

அறம் பற்றி நம்மிடையே நடக்கும் சர்ச்சைகள் பெரும்பாலும் பெரிய விஷயங்களை ஒட்டியவை. கலைஞனின் பொறுப்பு, வன்முறையின் நியாயம், வரலாற்றின் முன் தனிமனிதன். இவற்றில் எவரும் உடனே எதுவும் செய்யவேண்டியதில்லை என்பதால் அபிப்பிராயங்கள் தெளிவாக இருக்கின்றன. கொல்லைப்புறத்தில் நடக்கும் சிறிய விஷயத்தில் இந்தத் தெளிவு இருப்பதில்லை. அங்கே அபிப்பிராயத்துக்கு முன்பே கை நீண்டுவிடுகிறது. நான் சொல்லப்போவது ஒரு பூனையைப் பற்றி. விஷயம் அற்பமாகத் தோன்றினால், அற்பமான இடங்களில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைத் தவிர நம்மைப் பற்றிய அத்தாட்சி வேறு அதிகம் இல்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

கும்பகோணத்தில் நான் குடியிருப்பது முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. பக்கத்து வீடுகளோடு சுவர் பொதுவானது. ஓட்டின் மேல் நடந்தால் தெருக்கோடிவரை போய்விடலாம். சென்ற ஆண்டு ஒரு பெட்டைப் பூனை எங்கள் பரணில் மூன்று குட்டிகள் போட்டது. என் மகள் அதற்குப் பால் வைத்தாள், நான் தடுக்கவில்லை. பிறகு முற்றத்தின் வழியாக ஒரு கடுவன் இறங்க ஆரம்பித்தது. பெரிய தலை, கிழிந்த இடது காது. பால் பாத்திரத்தை உருட்டும், கதவு மூலைகளில் பீய்ச்சிவிட்டுப் போகும், விரட்டினால் ஓடாமல் நின்று உறுமும். ஒரு விடியற்காலை பரணில் மூன்று குட்டிகளும் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. மகள்தான் முதலில் பார்த்தாள்.

அது யாருடைய பூனை என்று விசாரித்தேன். நாலு வீடுகளில் சாப்பிடுகிறது, நாலு பெயர்கள் இருக்கின்றன. குட்டிகளைக் கொன்றதைச் சொன்னபோது அது யாருடையதாகவும் இல்லாமல் போயிற்று. அடுத்த வீட்டுப் பாட்டி மட்டும், “இங்கதான் தம்பி சாப்பிடும். ஆனா நான் வளக்கல” என்றார்.

*

இதை என்னவென்று அழைப்பது? விருந்து என்ற சொல்லுக்கு ஆதிப் பொருள் புதுமை. புதிதாக வருபவன் விருந்தாளி, அவன் வாசலில் நிற்பான். வாசலில் நின்று அழைப்புக்குக் காத்திருப்பவனை வைத்துத்தான் நம் விருந்தோம்பல் தர்மம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. தினமும் கூரை வழியாக வருபவனுக்கு அதில் இடம் இல்லை. திருடன் என்றும் சொல்ல முடியவில்லை. திருட்டு என்பதற்கு இது பிறர் பொருள் என்ற பிரக்ஞை வேண்டும். கொலைகாரன் என்று என் மனைவி சொன்னாள். குட்டிகளை இழந்த தாய் சீக்கிரமே மறுபடி இணைக்குத் தயாராகும்; கடுவன் வேறொன்றின் குட்டிகளைக் கொல்வது இதனால்தான் என்கிறார்கள். இதில் துவேஷமும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் மூன்று குட்டிகள் இருந்தன, இப்போது இல்லை. அழுத குழந்தைக்கு உயிரியலைச் சொல்லிச் சமாதானம் செய்ய முடியாது. குற்றவாளி இல்லாத ஒரு தீமையை எதிர்கொள்ளும் சொல் நம்மிடம் இல்லை. அப்போது நாம் ஒரு குற்றவாளியைத் தயாரித்துக்கொள்கிறோம்.

நம் இலக்கியத்தில் தேடினால் பூனை நிறைய இருக்கிறது, உதவிக்கு வருவது குறைவு. கம்பன் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை, கவியின் பணிவுக்கு வந்த பூனை. மாமல்லபுரத்துப் பாறையில் பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனை, எலிகள் சூழ, கபடத்துக்கு வந்த பூனை. தென்கலையாரின் மார்ஜார நியாயத்தில் குட்டி ஒன்றும் செய்யவேண்டியதில்லை. தாய் கவ்விப் போகும், அப்படியே இறைவன் ஜீவனை. ஆழமான கருத்து. ஆனால் தாய்ப் பூனை குட்டியின் கழுத்தைக் கவ்வும் அதே இடத்தில்தான் கடுவனும் கவ்வுகிறது. கிருபையையும் கொலையையும் பிரிப்பது பல்லின் அழுத்தம் மட்டுமே என்பதை அந்த நியாயம் கவனத்தில் கொள்ளவில்லை. கொள்ளவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் மட்டும் மாலை வேளையில் வேலியோரம் வரும் வெருகைக் காட்டுகிறார். எங்கே ஒதுங்குவது என்று தெரியாத குஞ்சுகளைக் கோழி கூவி அழைக்கிறது. அதுவும் உவமைதான். ஆனால் அங்கே பயம் நிஜமானது.

தத்துவத்தின் பக்கம் போனால், 1997இல் ழாக் தெரிதா தன் நீண்ட உரையொன்றைப் பூனையில் தொடங்கினார். குளியலறையில் நிர்வாணமாக நிற்கும் தன்னைத் தன் பூனை பார்ப்பதும், அதனால் வரும் வெட்கமும், அந்த வெட்கத்தைக் குறித்த வெட்கமும். விலங்கு நம்மைப் பார்க்கிறது என்பதைத் தத்துவவாதிகள் கணக்கில் எடுத்ததில்லை என்பது அவர் புகார். நியாயமான புகார். ஆனால் அது அவர் வீட்டுப் பூனை. என்னைக் கடுவன் பார்த்தபோது நான் வேட்டி கட்டியிருந்தேன், கையில் கம்பு இருந்தது. வெட்கம் வரவில்லை.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது சமையலறைக்குள் நுழைந்ததும் நான் கதவைச் சாத்திக்கொண்டேன். பாடம் கற்பிப்பது என்று எண்ணம். அடைத்துவைத்து அடித்தால் பூனையும் புலியாகும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். தெரிந்ததை நம்புவதற்கு ஒரு சந்தர்ப்பம் தேவைப்படுகிறது. இரண்டாவது அடிக்கு அது என் கையில் இருந்தது. பல் ஆழமாக இறங்கிவிட்டது.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். காயத்தைச் சுற்றிச் சீரமும், கையில் தடுப்பூசியும் போட்டார்கள். மீண்டும் 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் வரவேண்டும். நர்ஸம்மா கேட்டார்: “பூனை கண்ணுல படுற பூனைதானே? பத்து நாள் பாத்துக்கிட்டே இருங்க.” கடித்த நாயோ பூனையோ பத்து நாள் ஆரோக்கியமாக இருந்துவிட்டால், கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்காது என்பது மருத்துவத்தின் கணக்கு. ஊசியை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆக, யாரை என் கண்ணிலேயே படக்கூடாது என்று நினைத்தேனோ, அதைப் பத்து நாட்கள் தேடித் தேடிப் பார்க்கவேண்டியதாயிற்று. அது செத்துப்போகக் கூடாது என்று விரும்பவேண்டியதாயிற்று. காலை ஐந்து மணிக்கு இறங்கும். முதலில் பரணுக்குக் கீழே நின்று முகரும். தொட்டித் தண்ணீரைக் குடிக்கும். இடது பின்னங்காலை ஊன்றாமல் நடக்கும். அது என் கம்பின் வேலையாக இருக்கலாம். ஆறு மணிக்குப் பாட்டி வீட்டுப் பின்கட்டில் கொட்டாங்கச்சியில் மோர்சாதம். மத்தியானம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தூக்கம். தூங்கும்போது அதன் முகத்தில் போக்கிரித்தனம் எதுவும் இல்லை. நான் ஒரு கவிதையைக்கூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

ஊன்றிக் கவனித்தால் அன்பு வரும் என்பது நம் வட்டத்தில் கேள்வியின்றி ஏற்கப்பட்ட நம்பிக்கை. இலக்கியத்தின் பயன் என்று நாம் சொல்வதே அதுதான்: பார்க்கவைக்கிறது, பார்த்தால் புரிகிறது, புரிந்தால் கருணை. எனக்கு நேர்ந்தது வேறு. பதினோராம் நாள் காலை ஐந்து மணிக்கு, அது தண்ணீர் குடிக்கும் இடத்தில் கருவாட்டை வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து, அடியில் சாக்கைச் செலுத்திப் பிடித்துவிட்டேன். அது வரும் நேரமும் நிற்கும் இடமும் எனக்குத் தெரிந்திருந்ததால்தான் முடிந்தது. பத்து நாள் கவனிப்பு வேவாகவும் இருந்திருக்கிறது. கவனிப்பு தன்னளவில் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது கவனிப்பிலிருந்து வருவதில்லை, வேறெங்கிருந்தோ வரவேண்டும்.

ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் சாக்கை வைத்துக்கொண்டு அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டினேன். நம் ஊர்களில் இது பழைய வழக்கம். அடிப்பது பாவம், கொல்வது மகாபாவம், ஆற்றுக்கு அப்பால் கொண்டுவிடுவது ஒன்றும் இல்லை. வயல் தொடங்கும் இடத்தில் கட்டை அவிழ்த்தேன்.

*

தமிழில் சாக்கு என்பது கோணியையும் குறிக்கும், காரணமல்லாத காரணத்தையும் குறிக்கும். மொழி தற்செயலாகச் செய்த காரியம்தான். ஆனால் ஆற்றுக்கு அப்பால் விடும் வழக்கத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பூனை சாகவில்லை, நான் கொல்லவில்லை. அது பட்டினி கிடக்கலாம், அந்தப் பகுதிக் கடுவன்கள் அதைக் குதறலாம், சாலையில் அடிபடலாம். ஆனால் அவையெல்லாம் நடக்குமிடத்தில் நான் இருக்கமாட்டேன். அகிம்சை என்று நாம் மதித்துவரும் மனோபாவத்தில் எவ்வளவு பங்கு இரக்கம், எவ்வளவு பங்கு பார்க்கச் சகியாமை? கொல்லாமையைப் போற்றும் சமூகம் சாக்கைக் கண்டுபிடித்ததில் முரண் இல்லை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பட்டினியாலோ தாகத்தாலோ துன்புற நேரும் நிலையில் ஒரு பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவதையும் குற்றமாக வைக்கிறது. தகுந்த காரணம் என்னிடம் நிறைய இருந்தது: குட்டிகள், என் கை, மகளின் பயம். எல்லாம் உண்மை. உண்மையான காரணங்களும் சாக்காக இருக்கமுடியும் என்பதுதான் சிக்கல்.

வங்கியில் என் வேலையின் பெரும்பகுதி ஆட்களை அடுத்த கவுண்டருக்கு அனுப்புவது. விதியை மீறி நான் யாரையும் அனுப்பியதில்லை. அங்கிருந்து அவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்று எழுந்துபோய்ப் பார்த்ததும் இல்லை. பாலத்திலிருந்து திரும்பும்போது இது நினைவுக்கு வந்தது. வந்ததால் ஒன்றும் ஆகிவிடவில்லை. பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வாரம் நிம்மதியாக இருந்தோம். பிறகு ஒரு காலை முற்றத்தில் இன்னொரு கடுவன் இறங்கியது. செம்பட்டை நிறம், இளையது. பரணுக்குக் கீழே அதே இடத்தில் நின்று முகர்ந்தது. அப்போதுதான் எனக்கு எளிய விஷயம் புரிந்தது. நான் போரிட்டது ஒரு பூனையோடு அல்ல. என் வீட்டில் ஒரு திறப்பு இருந்தது, பால் இருந்தது, பெட்டை இருந்தது. அழைப்பை அனுப்பியது நாங்கள். அழைப்பை ஏற்று வந்ததைத் தண்டித்தேன், அழைப்பு அப்படியே இருந்தது.

பிறகு செய்தவை சுவாரஸ்யமற்றவை. முற்றத்துக்கு மேலே கம்பி வலை அடித்தேன். பெட்டையைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்துகொண்டுவந்தேன். மகள் வைக்கும் பாலைக் கதவுக்கு உள்ளே, அது குடித்து முடிக்கும்வரை மட்டும் வைப்பது என்று ஏற்பாடு. செம்பட்டை நாலு நாள் வலைமேல் நடந்து பார்த்தது, பிறகு வரவில்லை. கோபமோ கருணையோ இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு விடுமுறை நாளும் கொஞ்சம் பணமும் தேவைப்பட்டன. இதை முதல் கடுவனுக்காகவே செய்திருக்கலாம். ஒரு ஜீவனை உள்ளே விடாமலிருக்க நமக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த உரிமைக்கு உரிய உழைப்பை நாம் செய்யவேண்டும். அதன் செலவை வருபவன் தலையில் கட்டக் கூடாது. இதற்குமேல் பெரிய தத்துவம் எதுவும் எனக்குக் கிட்டவில்லை.

*

ஒன்று பாக்கி. 28ஆம் நாள் கடைசி ஊசிக்குப் போனபோது நர்ஸம்மா, “பூனை நல்லா இருக்கா?” என்றார். “நல்லா இருக்கு” என்றேன். பாட்டி கொட்டாங்கச்சியோடு பின்கட்டில் நின்று இரண்டு வாரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் சுவருக்கு மேலே எட்டி, “உங்க பக்கம் வந்துதா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. பாட்டியிடம் சொல்லமுடியாததை இருநூறு பேர் படிக்கும் பத்திரிகையில், தெரிதாவையும் மாசாத்தியாரையும் துணைக்கு வைத்துக்கொண்டு சொல்வது எந்த வகை நேர்மை? இதுவும் ஆற்றுக்கு அப்பால் கொண்டுவிடுவதுதானே? தபாலில் சேர்க்கும் முன் போய்ச் சொன்னேன். குட்டிகள், கடி, சாக்கு, பாலம் எல்லாம்.

பாட்டி திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “எந்தப் பக்கமா ஓடிச்சு?”

எனக்குத் தெரியவில்லை. கட்டை அவிழ்த்ததும் வண்டியைத் திருப்பிவிட்டேன்.