கரையில் நிற்பவர் கேட்கும் கேள்வி

ஆபத்து வந்து சூழும் வேளையில் மனிதன் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால், உயிரை என்று எவரும் தயங்காமல் விடை சொல்லிவிடுவர். அந்த உயிரைக் காப்பதற்காக எதை விட்டுவிட வேண்டும் என்று கேட்டால் விடை அவ்வளவு விரைவாக வருவதில்லை. கையிலுள்ள பொருள், ஈட்டிய பெயர், போட்டுவைத்த திட்டம், சேர நினைத்த இடம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை இழந்தே தீரவேண்டும் என்னும் நிலையில்தான் மனிதன் தடுமாறுகிறான். இந்தத் தடுமாற்றத்தின் இயல்பை ஆராய்வதற்குச் சிறு விமானங்களைச் செலுத்துவோரின் அனுபவம் நமக்குப் பெரிதும் துணை செய்யும்.

2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து புறப்பட்ட சிறு பயிற்சி விமானம் ஒன்று, நடுவானில் கோளாறுக்கு ஆளாகித் திருச்சி – புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலைக்கு அருகே இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் உயிர் பிழைத்தனர். இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, நல்ல காலம் என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். நல்ல காலத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் அத்தகைய நிமிடங்களில் விமானி செய்ய வேண்டுவது என்ன என்பதைச் சற்று நின்று பார்த்தால், அது வானத்தில் பறப்பவருக்கு மட்டும் உரிய பாடம் அன்று என்பது விளங்கும்.

ஒற்றை இயந்திரம் கொண்ட சிறு விமானத்தில் அந்த இயந்திரம் நின்றுவிட்டால், விமானம் கல்லைப்போல் விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அப்படி இல்லை. அது சறுக்கி வரும். பயிற்சிப் பள்ளிகளில் மிகுதியாக வழங்கும் செஸ்னா 172 வகை விமானம், காற்றில்லாத நாளில் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்ல வல்லது. அதற்கு மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தைக் குறையாமலும் கூடாமலும் காக்க வேண்டும். ஆகவே விமானியின் முதற் கடமை விமானத்தைப் பறக்க வைத்துக்கொண்டே இருப்பது. அடுத்தது இறங்கத்தக்க இடத்தைத் தேர்ந்து அதை நோக்கித் திரும்புவது. நேரம் இருந்தால், எரிபொருள் ஒழுங்காக வருகிறதா, கார்புரேட்டரில் பனி உறைந்துவிட்டதா, தீப்பொறி தரும் மேக்னெட்டோ வேலை செய்கிறதா என்று பார்த்து இயந்திரத்தை மீண்டும் இயக்க முயல்வது மூன்றாவது. வானொலியில் 'மேடே' என்று மும்முறை கூவித் தன் நிலையை அறிவிப்பது அதன் பிறகே. உதவி கேட்டுக் கூவுவதுதானே முதலில் தோன்றும்? பயிற்சி அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கேட்பவர் எவராயினும் அந்த நொடியில் விமானத்தைத் தாங்கிப் பிடிக்க அவரால் இயலாது.

இந்த வரிசை அச்சம் வந்தபின் ஆலோசித்துப் பெறுவது அன்று. அச்சம் இல்லாத நாளில் பழகி வைப்பது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் 299 என்னும் புது விமானம், புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. செலுத்தியவர்கள் தேர்ந்த விமானிகளே. தரையில் நிற்கும்போது சுக்கான்களைக் காற்று அசைக்காதிருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்ததே காரணம். அதன் பின்னரே, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழக்கம் வானூர்தித் துறையில் வேரூன்றியது. அந்தப் பட்டியலில் மறைந்துபோன மனிதர்களின் அறிவு தங்கியிருக்கிறது.

இவ்வளவும் திறமையைச் சேர்ந்தவை. இனி வருவது மனத்தைச் சேர்ந்தது. ஓடுபாதையை விட்டு எழுந்து சில நூறு அடி உயரமே ஏறியிருக்கும் நிலையில் இயந்திரம் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் தெரிவன வயலும் கரம்பும் முட்புதரும். பின்னால் இருப்பது புறப்பட்டு வந்த ஓடுபாதை. நெஞ்சம் முழுவதும் திரும்பு, திரும்பு என்று சொல்லும். அங்கே போய்ச் சேர்ந்தால் விமானம் தப்பும், பெயர் தப்பும், எதுவுமே நடவாததுபோல் இறங்கிவிடலாம். ஆனால் திரும்புவதற்கு உயரம் போதாது. அரைவட்டத்துக்கு மேலும் வளைந்தால்தான் ஓடுபாதைக்கு நேரே வரமுடியும். சாய்ந்து திரும்பும்போது இறக்கைகள் விமானத்தைத் தாங்குவதற்குக் கூடுதல் வேகம் தேவை. 60 பாகை சாய்வில் அது 41 விழுக்காடு உயர்ந்துவிடுகிறது. அந்த வேகம் இல்லாமல் திரும்ப முயன்றவர் பலர் ஓடுபாதைக்கு வெளியே விழுந்து மாண்டிருக்கின்றனர். எனவே, குறைந்த உயரத்தில் இயந்திரம் நின்றால் பெரிதும் திரும்பாமல் முன்னால் கிடைக்கும் இடத்திலேயே இறங்கு என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பக் கற்பிக்கின்றனர். இயந்திரம் நின்ற நொடியிலிருந்து விமானம் காப்புறுதி நிறுவனத்தின் சொத்து என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. இறக்கை ஒடியட்டும், சக்கரம் முறியட்டும், உள்ளிருப்பவர் எழுந்து நடந்து வந்தால் போதும் என்பது அதன் கருத்து.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த விதியை, நன்கு கற்றவரும் ஏன் மீறுகின்றனர்? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வானத்திலிருந்து கடலுக்கு இறங்க வேண்டும். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் வாசகர்களுக்கு அந்தக் கடல் அந்நியமானது அன்று.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் பரதவரும் முஸ்லிம்களும் பல தலைமுறைகளாகக் குளித்தனர். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்றதே கடைசித் தொடர். அதன்பின் சிப்பி வளம் குன்றிப்போயிற்று. குளியாள் ஒரு கனத்த கல்லில் கால் பதித்து, அதன் பாரத்தால் விரைந்து கீழே செல்வார். அடியை அடைந்ததும் முதல் வேலையாகக் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். பின்னர் ஒரு நிமிட நேர மூச்சுக்குள் சிப்பிகளைத் துழாவிப் பையில் சேர்க்க வேண்டும். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால், மேலே கயிறு பிடித்திருப்பவர் விரைந்து தூக்கிவிடுவார்.

ஆங்கில ஆட்சிக் காலத்து முத்துக்குளிப்புகளில் எடுத்த சிப்பியில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு உரியது. ஆகவே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் இன்னும் ஒரு சிப்பி என்பது வீட்டில் எரிய வேண்டிய அடுப்பு. அடைய வேண்டிய கடன். அதற்குள்ளே ஒரு பெருமுத்து இருந்துவிட்டால்? மூச்சு முடியும் இடத்துக்கும் சிப்பி கிடக்கும் இடத்துக்கும் இடையே உள்ள அந்த ஒரு முழத் தூரத்தில்தான் குளியாளின் அறிவு சோதிக்கப்பட்டது. விமானிக்குப் பின்னால் இருக்கும் ஓடுபாதையும் இந்த ஒரு சிப்பியும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இரண்டும் உண்மையான நன்மைகள். அதனாலேயே அவை ஆபத்தானவை. தீயது என்று தெரிந்ததை விடுவதற்கு மனம் ஒருவாறு இசைந்துவிடும். நல்லதை, நியாயமாக நமக்கு உரியதை, நேரம் கடந்துவிட்டது என்னும் ஒரே காரணத்துக்காக விடுவதுதான் கடினம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். விட்டுவிடு என்று கற்பிப்பது கோழைத்தனத்துக்கு வழி வகுக்காதா? இடுக்கண் வந்தவுடன் கைவிட்டுவிடுகிறவன் எதைச் சாதிக்கப் போகிறான்? இம்மறுப்பு ஒதுக்கத்தக்கது அன்று. ஆயினும் விமானி விடுவது எதை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் ஓடுபாதையின்மீது வைத்த ஆசையை விடுகிறார், சுக்கானை விடுவதில்லை. விமானம் தரையில் உராய்ந்து நிற்கும் வரை அதைச் செலுத்திக்கொண்டே இருக்கிறார். மேலும், தரையில் இருப்போரின் உயிரையும் அவர் கணக்கில் வைக்கிறார். சாலை சமமானதுதான், ஆனால் அங்கே பேருந்து வரும், பள்ளிக்குழந்தை வரும், குறுக்கே மின்கம்பி செல்லும். தன் விமானம் சேதமின்றி இறங்கும் சாலையா, விமானம் உடைந்தாலும் பிறர் எவரும் இல்லாத வயலா என்பதைச் சில நொடிகளில் அவர் முடிவு செய்தாக வேண்டும். கோழை கடமையையே உதறிவிடுகிறான். இவரோ கடமை நிறைவேறும் பொருட்டு மற்றவற்றை உதறுகிறார். இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பெரும் பிழை.

இனி, நல்லதை விடுவதற்கான பலம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம் முன் நிற்கும் வினா. அது தனி மனிதரின் நெஞ்சுரத்திலிருந்து வருவதாகவே நாம் எண்ணுகிறோம். நம் கரையின் பழைய வழக்கு வேறொன்று சொல்கிறது. குளியாளின் கயிற்றை அவருடைய மச்சான் கையில் கொடுப்பதே முறை என்று இங்கே இன்றும் கூறுவர்; தன் உடன்பிறந்தாள் விதவையாவதை அவர் பொறுக்கமாட்டார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கயிறு பிடிப்பவருக்குச் சிப்பியைவிட உயிர் பெரிது என்ற உறுதி இருந்தால்தான் கீழே இருப்பவர் நிம்மதியாகக் கயிற்றை அசைப்பார். மேலே வந்ததும், 'இவ்வளவுதானா?' என்று கேட்கும் ஒருவர் அங்கே நின்றால், அடுத்த முறை அவர் அந்த ஒரு முழத் தூரத்தையும் கடந்து கை நீட்டுவார். ஆழத்தில் எடுக்கும் முடிவைப் பாதியளவு மேலே இருப்பவரே எழுதிவிடுகிறார்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகளின் தொழிலிலும் இவ்வுண்மை உண்டு. புயலில் தோணி தாழும்போது சரக்கைக் கடலில் எறிந்து ஆட்களைக் காப்பது தண்டலின் பொறுப்பு. எறிந்த சரக்கு ஒரு வணிகருடையது. பிழைத்ததோ எல்லாருடைய பொருளும். அந்த இழப்பை அவர் ஒருவர் தலையில் கட்டாமல், பிழைத்த பொருள்களின் உரிமையாளர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்னும் விதி பண்டை ரோட்ஸ் தீவினர் காலத்திலிருந்து கடல் வாணிகத்தில் வழங்கி வருகிறது. இன்றைய கப்பல் உலகம் யார்க் – ஆண்ட்வெர்ப் விதிகள் என்ற பெயரில் அதனையே போற்றுகிறது. ஆழ்ந்த அறம் இதில் உள்ளது. பிறருக்காக இழந்தவரைத் தனியே நிற்க விடலாகாது. விட்டால், அடுத்த புயலில் எவரும் எதையும் எறிய முன்வரமாட்டார்கள். அனைத்தும் ஒன்றாக மூழ்கும்.

வானூர்தித் துறையும் இதைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1976 முதல் ஒரு முறை நடப்பில் உள்ளது. விமானி தம்மையறியாமல் செய்த தவற்றைக் குறித்த நாட்களுக்குள் நாசா அமைப்புக்குத் தாமே எழுதித் தெரிவித்தால், வரம்புக்கு உட்பட்ட பிழைகளுக்குத் தண்டனை விலக்கப்படும். யார் குற்றவாளி என்னும் கேள்வியை முதலில் கேட்டால் உண்மை மறைந்துகொள்ளும். என்ன நடந்தது என்று கேட்டால் வெளிவரும் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் பழுதுபட்ட பெரிய விமானத்தைச் சல்லன்பெர்கர் என்னும் விமானி ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். பின்னர் ஆய்வாளர் ஒப்புப்பொறியில் அதே சூழ்நிலையை உண்டாக்கிப் பார்த்தபோது, பறவை மோதிய கணமே திரும்பியவர்களில் சிலர் ஓடுபாதையை அடைந்தனர். ஆனால் நடந்ததை உணர்ந்து முடிவெடுக்க ஒரு மனிதருக்குத் தேவைப்படும் 35 நொடிகளைச் சேர்த்துப் பார்த்தபோது திரும்ப இயலவில்லை. ஆற்றில் இறக்கிய முடிவு சரியானதே என்று விசாரணை அமைப்பும் ஏற்றுக்கொண்டது. முடிவு தெரிந்தபின் அறையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வோர் அனைவரும் அந்த 35 நொடிகளை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் வீடுகளிலும் தீர்ப்பறைகள் உண்டு. புயலறிந்து வலையை அறுத்துவிட்டுக் கரை சேர்ந்த மகனிடம், 'வலையின் விலை என்ன தெரியுமா?' என்பது முதற் சொல்லாக இருக்கலாமா? மூழ்கும் வாணிகத்தை உரிய காலத்தில் மூடிவிட்டு வந்த தம்பியை, உறவினர் கூடும் நிக்காஹ் வீட்டில் ஏளனமாகப் பார்க்கலாமா? வளைகுடா நாட்டில் தாங்கமாட்டாத வேலையை விட்டுத் திரும்பியவரிடம், அவர் செருப்பைக் கழற்றுமுன் கடன் கணக்கைப் பேசலாமா? கணக்கு உண்மையானதுதான், அதைப் பேசியே ஆகவேண்டும். ஆனால் அதற்கு மறுநாள் இருக்கிறது. திரும்பி வர அஞ்சி அங்கேயே அழிந்தவருக்கு மறுநாள் இல்லை.

தூத்துக்குடிக்கு அருகே வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது. முன்னோர் கடலில் இறங்கிய இக்கரையின் பிள்ளைகளில் சிலர் நாளை விண்ணில் ஏறுவர். மற்றவர் கடையிலும் அலுவலகத்திலும் அயல்நாட்டிலும் தத்தம் ஆழங்களில் இறங்குவர். அவர்களுக்கு வேண்டிய திறமையைப் பள்ளிகள் கற்பிக்கும். உரிய வேளையில் விடவேண்டியதை விட்டுவரும் துணிவை வீடுதான் கொடுக்க வேண்டும். வாசலில் நிற்கும் உம்மாவும் வாப்பாவும் முதலில் கேட்பது, 'நலமாக வந்தாயா?' என்பதாக இருக்கட்டும். கொண்டுவந்தது என்ன என்பதைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.